நரிவாசம்

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை மாலையொன்றில், பெங்களூரு இந்திராநகரில் இருக்கும் ஓர் ஒயின் பாரில், அங்கே கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டேன். ஒயின் பட்டியல் அட்டையின் கடைசிப் பக்கத்தில் ‘உள்ளூர் ஒயின்கள்’ என்று தனியாக ஒரு தலைப்பு இருந்தது. அதன் கீழே சவிஞான் பிளாங், ஷெனின் பிளாங், வியோனியே, ஷிராஸ், கேபர்னே சவிஞான் என்று அத்தனையும் பிரெஞ்சுத் திராட்சைகள். நந்தி மலையடிவாரத்திலோ, ஹம்பிக் குன்றுகளிலோ, மைசூருக்குக் கீழே காவிரிக் கரையிலோ விளைந்தவை என்பதால் அவை உள்ளூர். பரிமாற வந்த இளைஞரிடம், பெங்களூர் ப்ளூ திராட்சையில் செய்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, நன்றாகப் பயிற்சி பெற்றவர். ஆனால் அவருடைய மூக்கின் இரு பக்கமும் மெல்லிய சுருக்கம் ஒன்று விழுந்து, விழுந்த வேகத்திலேயே மறைந்தது. அது சாறு பிழிகிற பழம் என்றும், அதில் ‘ஃபாக்ஸி’ வாசனை, அதாவது நரிவாசம், வரும் என்றும், வாடிக்கையாளர்கள் விரும்புவதில்லை என்றும் மிகுந்த பணிவோடு ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு நந்தி மலையடிவாரத்து ஷிராஸைப் பரிந்துரைத்தார். நல்ல ஒயின்தான். குடித்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சுருக்கம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரின் பெயரையே தன் பெயரில் தாங்கிய ஒரு பழத்துக்கு அந்த ஊரின் பட்டியலில் இடமில்லையே என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு எனக்கு உரிமையில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

ஒயின் இல்லாத ஒயின்ஷாப்

நான் கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டிக்கு அருகில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் திராட்சைக்கும் குறைவில்லை, ஒயின்ஷாப்புக்கும் குறைவில்லை. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. ஒயின்ஷாப்பில் பிராந்தி கிடைக்கும், ரம் கிடைக்கும், பீர் கிடைக்கும். யாராவது ஒயின் கேட்டிருந்தால் கடைக்காரர் திகைத்திருப்பார். 2003ஆம் ஆண்டு நவம்பரில் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டு பலகைகளை மாற்றிய பிறகும், என் அப்பாவின் தலைமுறை அந்தக் கடைகளை ஒயின்ஷாப் என்றுதான் சொல்லிவந்தது. பெங்களூருக்கு வந்தபோது இங்கும் சாமி பெயர்களுக்குப் பின்னால் ‘ஒயின்ஸ்’ என்று எழுதிய பலகைகளைப் பார்த்தேன். கம்பித் தடுப்புக்கு அப்பால் அதே பிராந்தி, அதே ரம். ஒயின் என்ற சொல், ஒயினைத் தவிர மற்ற அனைத்தையும் குறித்த நிலப்பரப்பு இது.

எங்கள் தோட்டத்துப் பழம் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டு வளர்ப்பது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்பார்கள். உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சை என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். மலையேறிக் கேரளத்துக்கு வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பழத்துக்குப் பன்னீர் என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் அவருடைய மூக்கை நான் வணங்குகிறேன். மஸ்கட் வகைத் திராட்சைகளின் மணத்துக்குக் காரணமான லினலூல், ஜெரானியால் என்னும் சேர்மங்கள் ரோஜாவிலும் உண்டு என்பதை வெகுகாலம் கழித்து, ஒயின் பாரில் ஒரு வகுப்பில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். செவட்டை நோய்க்கு மருந்தடித்துக் களைத்துப்போன எங்கள் ஊர்க்காரர் ஒருவர், வேதியியல் எதுவும் தெரியாமலேயே அதைச் சரியாகச் சொல்லிவிட்டிருந்தார்.

பெங்களூரின் ஒயின் பார்களுக்குள் நான் நுழைந்தது நாற்பது வயதுக்குப் பிறகு. இந்த நகரம் 1980களின் இறுதியிலேயே பப்களுக்குப் பெயர் பெற்றது. பிறகு, கடையிலேயே பீர் காய்ச்சும் இடங்கள் வந்தன. ஒயின் பார் அந்த வரிசையில் கடைசித் தம்பி. கர்நாடக அரசு 2007இல் திராட்சைப் பதப்படுத்தலுக்கும் ஒயினுக்கும் என்று தனிக் கொள்கையே வகுத்தது. அதற்காக ஒரு வாரியமும் அமைத்தது. மற்ற மதுவகைகளிலிருந்து ஒயினைப் பிரித்து, அதை உழவரோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதுதான் அதன் உள்நோக்கம். அந்தப் பிரிவினை பார்களிலும் தெரிகிறது. பீர்க் கடையின் இரைச்சல் இங்கே இல்லை. சுவரோரம் சாய்த்து அடுக்கிய புட்டிகள், மஞ்சள் விளக்கு, நூற்றைம்பது மில்லி ஊற்றிய பெரிய கண்ணாடிக் கோப்பை. எனக்குப் பிடித்த காட்சி வேறு: அலுவலகம் முடிந்து இரண்டு பெண்கள் வந்து, ஆளுக்கொரு கோப்பையோடு இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, யாருடைய பார்வையும் மேலே விழாமல் எழுந்து போவார்கள். எங்கள் ஊர் ஒயின்ஷாப்பைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது சிறிய விஷயமில்லை. பக்கத்து மேசையில் இத்தாலியின் டஸ்கனிக்குப் போய்வந்த கதையை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார். தமிழர் யாராவது இருந்தால், இரண்டாவது கோப்பையில் யவனர் கொண்டுவந்த தேறலும் அரிக்கமேட்டு மதுச்சாடியும் பேச்சுக்குள் வந்துவிடும். நானே மூன்று முறை அதைச் செய்திருக்கிறேன்.

நெல்லிக்காயும் கூஸ்பெரியும்

அந்தப் பாரில் செவ்வாய்க்கிழமைதோறும் ருசி பழகும் வகுப்பு நடக்கும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போனேன். கோப்பையைத் தண்டில் பிடிப்பது, சாய்த்து நிறம் பார்ப்பது, சுழற்றுவது, மூக்கை உள்ளே விட்டு முகர்வது, வாயில் வைத்துக் காற்றை இழுப்பது என்று எல்லாம் படித்தேன். அச்சிட்ட தாள் ஒன்று தருவார்கள். அதில் இந்தத் திராட்சைக்கு இந்த மணம் என்று வரிசையாக இருக்கும். சவிஞான் பிளாங்குக்கு எதிரே கூஸ்பெரி என்று எழுதியிருந்தது. எங்கள் மேசையிலிருந்த நான்கு தென்னிந்தியர்களும் நெல்லிக்காயை நினைத்துக்கொண்டு தலையாட்டினோம். ஆங்கிலேயர் சொல்லும் கூஸ்பெரிக்கும் நம் நெல்லிக்காய்க்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நம் காய்க்கு அவர்கள் தங்கள் பழத்தின் பெயரை ஒட்டிவிட்டுப் போனதால் வந்த குழப்பம் அது. இது தெரியாமல் பல மாதங்கள் நான் அந்த ஒயினில் நெல்லிக்காயைத் தேடினேன். தேடியது மட்டுமில்லாமல், கிடைத்துவிட்டதாக வகுப்பில் சொல்லவும் செய்தேன். உண்மையில் எனக்குக் கிடைத்தவை நறுக்கிய குடைமிளகாயின் வாசனையும், பழுக்கப்போகும் கொய்யாவின் வாசனையும்தான். தாளில் கொய்யா இல்லை என்பதால் அதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. செவ்வொயினில் வாயை இறுக்கிப் பிடிக்கும் அந்தக் குணத்தை விளக்க ஆசிரியர் மிகவும் சிரமப்பட்டார். அது கசப்பில்லை, புளிப்பில்லை, நாக்கு உலர்வது போல இருக்கும், அதிக நேரம் கொதித்த தேநீரை நினைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சுற்றிவந்தார். என் பாட்டியிடம் ஒரு வாய் கொடுத்திருந்தால் ‘துவர்க்குது’ என்று ஒரே சொல்லில் முடித்திருப்பாள். கடுக்காய், வாழைப்பூ, மாதுளைத் தோல், நாவல்பழம் என்று அவளுக்கு அதில் படிநிலைகளே தெரியும். அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இருக்கை போட்டுவைத்திருக்கும் மொழிக்காரர்கள் நாங்கள், அதை முதன்முறையாகக் கேள்விப்படுவதுபோல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். அதே மேசையில் மசாலா வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே கேபர்னே குடித்து, மிளகாயின் எரிச்சலைச் சாராயமும் துவர்ப்பும் சேர்ந்து இரட்டிப்பாக்குவதைக் கண்ணீரோடு அனுபவித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நரியைப் பற்றிய பாடம் ஒரு மழைநாளில் வந்தது. தக்கை கெட்டுப்போன நாற்றம், காடியாகிப்போன புளிப்பு என்று ஒயினின் குறைகளைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்த ஆசிரியர், அவற்றோடு சேர்த்து ‘ஃபாக்ஸி’ என்று எழுதினார். அமெரிக்கக் காட்டுக் கொடியான லப்ரஸ்கா இனத்தை அந்நாட்டில் நரித் திராட்சை என்று அழைத்தார்கள்; அந்த இனத்துப் பழங்களின் மணத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. அதற்கு முதன்மையான காரணம் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்னும் சேர்மம். திராட்சை மிட்டாயிலும், ஊதா நிறக் குளிர்பானத்திலும் செயற்கையாகச் சேர்க்கப்படுவது அதுதான். பயிரைக் கொத்தும் பறவைகளை விரட்டவும் அதைத் தெளிப்பார்கள். பெங்களூர் ப்ளூ அந்த மணம் நிறைந்த பழம் என்றார் ஆசிரியர். நான் கடமையாக எழுதிக்கொண்டேன்: நரிவாசம், குறை. தக்கை நாற்றம் செய்நேர்த்தியில் வந்த பிழை, நரிவாசமோ அந்தப் பழம் பிறக்கும்போதே கொண்டுவந்த மணம், இரண்டையும் ஒரே பட்டியலில் எப்படி எழுதலாம் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நமக்குத் தெரிந்த நரி, எட்டாத பழத்தைப் பார்த்துத்தான் சீச்சீ புளிக்கும் என்றது. இந்தப் பழம் சிவாஜிநகர்ச் சந்தையில் தள்ளுவண்டி தள்ளுவண்டியாகக் குவிந்து கிடக்கிறது. எட்டுகிறது என்பதே அதன் குறையோ என்னவோ.

மலையடிவாரத்தில்

வகுப்பில் சேர்ந்த முதல் ஆண்டு மார்ச் மாதத்தில் நந்தி மலைப் பக்கம் போயிருந்தோம். தொட்டபள்ளாபுரத்துக்கு அருகில் கன்வல் குரோவர் 1988இல் தொடங்கிய தோட்டம் அங்கே இருக்கிறது. 2012இல் நாசிக்கைச் சேர்ந்த நிறுவனத்தோடு இணைந்து குரோவர் சம்பா ஆயிற்று. பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்திலிருந்து ஜார்ஜ் வெசல் என்ற வல்லுநரை வரவழைத்து இடம் பார்த்து, வகை பார்த்துத் தொடங்கிய முயற்சி. பிற்பாடு போர்தோவின் மிஷேல் ரோலாந்தும் ஆலோசகராக இருந்தார். அன்றைக்கு அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டிருக்கும். ஒயின் திராட்சை நிலநடுக்கோட்டிலிருந்து 30 முதல் 50 பாகை வரையிலான நிலங்களுக்கே உரியது என்பது ஐரோப்பியப் பாடம். இந்த இடமோ 13 பாகையில் இருக்கிறது. இடத்தைக் காப்பாற்றுவது உயரமும் அது தரும் குளிர்ந்த இரவுகளும்தான்.

அங்கே வழிகாட்டிய பெண் சொன்ன ஒன்று என்னை நிறுத்தியது. ஐரோப்பாவில் கொடி குளிர்காலம் முழுவதும் உறங்கும். இங்கே அதற்கு உறக்கமே கிடையாது. அதனால் ஏப்ரல் வாக்கில் ஒரு முறை வெட்டி, வரும் காய்ப்பை விட்டுக்கொடுத்து, செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு முறை வெட்டி, பிப்ரவரி, மார்ச்சில் ஒரே ஒரு அறுவடை எடுக்கிறார்கள். உடன் வந்தவர்கள் வியந்தார்கள். நான் சிரித்துக்கொண்டேன். உறங்காத கொடியை வெட்டி வெட்டி வழிக்குக் கொண்டுவரும் இந்த வேலைக்குக் கவாத்து என்று பெயர். என் அப்பா முப்பது ஆண்டுகளாகச் செய்துவருவது. அவர் பந்தலில் செய்வதை இவர்கள் வேலிபோல் நிமிர்த்திக் கட்டிய வரிசையில் செய்கிறார்கள்.

தோட்டத்துக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், எனக்குப் பழகிய கல்தூண் பந்தல் ஒன்று தெரிந்தது. கூட்டத்தை விட்டுவிட்டு அங்கே போனேன். பெங்களூர் ப்ளூ. நீலமும் கறுப்புமாய், சாம்பல் பூத்த தடித்த தோலோடு, நெருக்கமான கொத்துகள். இந்தச் சிக்கபள்ளாபுரம், கோலார், பெங்களூரு ஊரக மாவட்டங்களுக்கே உரிய பழம் என்று 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. பந்தலுக்கடியில் நின்றிருந்தவர் கன்னடத்தையும் தெலுங்கையும் கலந்து பேசினார். என் கன்னடம் தட்டுத்தடுமாறி அவரைப் பின்தொடர்ந்தது. ‘கௌடரே, நீங்கள் ஏன் ஒயின் பழம் போடவில்லை?’ என்று கேட்டேன். அவர் கணக்குச் சொன்னார். கம்பெனிப் பழத்துக்குச் சர்க்கரை இத்தனை என்று அளவு வைத்திருக்கிறார்கள். அறுவடை வாரத்தில் ஒரு மழை பெய்தால் போச்சு. இந்தப் பழம் நோயைத் தாங்குகிறது, ஆண்டுக்கு இரண்டு காய்ப்பு தருகிறது, வேண்டாமென்று யாரும் சொல்வதில்லை. சாறு பிழிபவர்கள் வாங்குகிறார்கள். மலிவான இனிப்புப் போர்ட் ஒயின் செய்பவர்கள் வாங்குகிறார்கள். மீதியைச் சந்தை வாங்குகிறது. கம்பெனியின் ஒயினை நீங்கள் குடித்துப் பார்த்ததுண்டா என்றேன். ஒரு விழாவில் கொடுத்தார்களாம். எப்படி இருந்தது? ‘ஒகரு’ என்றார் அவர், கன்னடத்தில். துவர்ப்பு. தாள் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

காக்ஸ் டவுன் ஜாடி

இப்போது அந்தக் கூச்சத்துக்கு வருகிறேன்.

நாங்கள் காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஆன்ட்டி என்று அழைப்போம். கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவருடைய அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தச் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் என்பதை, தன் குடும்பச் சொத்தைச் சொல்வதுபோல் சொல்வார். அங்கே ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்திடமிருந்து அவருடைய அம்மா கற்றுக்கொண்ட ஒயின் இது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கல்கல், அச்சுமுறுக்கு, பிளம் கேக்கோடு ஒரு பழைய ஸ்குவாஷ் புட்டியில் அது மாடிக்கு வந்துவிடும். முதல் சில ஆண்டுகள் நானும் என் மனைவியும் எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி, கேக்கைத் தொட்டுக்கொண்டு குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறோம்.

நான் வகுப்பில் சேர்ந்ததற்குப் பிறகு வந்த கிறிஸ்துமஸ் அது. ஆன்ட்டி எங்களைக் கீழே அழைத்திருந்தார். அவருடைய மகனும் மருமகளும் சார்ஜாவிலிருந்து வந்திருந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். சின்னக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றித் தந்தார். நான் வாங்கினேன். கை தன்னிச்சையாகச் சுழற்றியது. சாய்த்து விளக்கொளியில் பார்த்தேன். மூக்கை உள்ளே விட்டேன். திராட்சை மிட்டாயின் மணம், அதற்குப் பின்னால் கிராம்பு. நான் கற்ற சொல் வாய்க்கு வந்துவிட்டது. ‘ஃபாக்ஸி’ என்றேன், யாரோ எனக்குத் தேர்வு வைத்ததுபோல. என் மூக்கும் சுருங்கியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆன்ட்டி அப்படி உற்றுப் பார்த்திருக்கமாட்டார். ‘என்ன தம்பி, கெட்டுப்போச்சா?’ என்று கேட்டார். கெடவில்லை ஆன்ட்டி, இந்தப் பழத்துக்கே அப்படி ஒரு வாசனை உண்டு, நரிவாசனை என்பார்கள், அதனால்தான் நல்ல ஒயினுக்கு இதைச் சேர்ப்பதில்லை என்று நான் விளக்கினேன். விளக்கியே தீருவேன் என்பதுபோல், அந்த வேதிப்பொருளின் பெயரைக்கூடச் சொன்னேன். அவர் மகன் சத்தமாகச் சிரித்தார். ஆன்ட்டியும் சிரித்தார். ‘எங்க அம்மாவுக்கு இது தெரியாமலே போச்சே’ என்றார். பிறகு அடுப்படிக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. என் மனைவி படியேறும்போது ஒன்றும் பேசாமல் வந்தாள். மறுநாள் காலையில்தான், ‘அது அவங்க அம்மா கைப்பக்குவம். நீங்க சொன்னது பழத்தை இல்ல’ என்றாள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தட்டு வந்தது. கல்கல், அச்சுமுறுக்கு, பிளம் கேக் எல்லாம் இருந்தன. புட்டி வரவில்லை. இந்த வருஷம் ஒயின் போடலையா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. போட்டிருந்தார் என்பதும் மாடிப்படியில் இறங்கும்போதே மூக்குக்குத் தெரிந்தது. எட்டு மாதம் கழித்து இந்திராநகரில் அந்த இளைஞரிடம் பெங்களூர் ப்ளூ கேட்டேனே, அது அறியாமையால் கேட்டதில்லை. எங்காவது ஓர் உயர்ந்த இடத்தில், தண்டு வைத்த கோப்பையில் அது ஊற்றப்பட்டுவிட்டால் நான் சொன்ன சொல் திரும்பிவிடும் என்று எனக்கு ஏதோ ஒரு நப்பாசை. அதற்குப் பதிலாக என் முகத்தையே அவர் எனக்குக் காட்டிவிட்டார்.

மேலே பிரான்ஸ், கீழே டெக்சாஸ்

அதற்குப் பிறகு இந்தத் திராட்சையைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பெங்களூர் ப்ளூ என்று நாம் சொல்வது உலகத்துக்கு இசபெல்லா. 1816 வாக்கில் நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த வில்லியம் பிரின்ஸ், இசபெல்லா கிப்ஸ் என்ற பெண்மணியின் பெயரை அதற்கு வைத்தார். அது அங்கே தென் கரோலினாவிலிருந்து வந்தது என்பார்கள். அமெரிக்கக் கொடியும் ஐரோப்பியக் கொடியும் தாமாகக் கலந்து பிறந்த வாரிசு. ஆக, ஊரின் பெயரைத் தாங்கிய பழத்துக்காக நான் பட்ட மண்ணின் மைந்தர் கோபத்துக்கும் அடிப்படை இல்லை. பெங்களூர் ப்ளூவும் வந்தேறிதான்; கேபர்னேயை விடச் சில தலைமுறை முன்னால் வந்து, தள்ளுவண்டி ஏறி, இங்கேயே குடித்தனம் போட்டுவிட்டது. எங்கள் பன்னீரும் அப்படியே. நானும் அப்படியே.

இதைவிட என்னை வியக்கவைத்தது வேரின் கதை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் கொடிகளோடு ஐரோப்பாவுக்குப் போன பில்லாக்சீரா என்னும் பேன் போன்ற பூச்சி, அங்கிருந்த திராட்சைத் தோட்டங்களின் வேரைத் தின்று பெரும்பகுதியை அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கிப் பழகிய அமெரிக்க வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் பிரான்ஸ் தப்பித்தது. இன்றுவரை பெரும்பாலும் அப்படித்தான். இந்தியத் தோட்டங்களில் பரவலாக இருக்கும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியின் பூர்வீகம் டெக்சாஸ். பட்டியலில் பிரெஞ்சுப் பெயரோடு உட்கார்ந்திருக்கும் கொடியின் கால், நரித் திராட்சையின் சொந்தக்காரர்கள் ஊரில்தான் இருக்கிறது. பூச்சிக்கு அஞ்சி வேரை ஏற்றுக்கொண்ட பிரான்ஸ், பழத்தை ஏற்கவில்லை. 1934இல் சட்டம் போட்டு இசபெல்லா உட்பட ஆறு வகைகளை விலக்கியது. அதில் மெத்தனால் கூடுதல், குடித்தால் பித்துப் பிடிக்கும் என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. உண்மையில் அன்றைக்கு அங்கே ஒயின் அளவுக்கு மிஞ்சி விளைந்து விலை சரிந்துகிடந்தது. மருந்தடிக்காமலே காய்த்துத் தள்ளும் ஏழை வீட்டுக் கொடிகளை ஒழிப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. ஆனாலும் ஆஸ்திரியாவின் தென்கிழக்கு மூலையில் ஊஹுட்லர் என்ற பெயரிலும், போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளில் வாசனை ஒயின் என்ற பெயரிலும் அந்த இனத்துப் பழங்களை மக்கள் இன்னும் காய்ச்சாமல் விடவில்லை. போர்ச்சுகீசியரின் அந்தப் பெயரைக் கவனிக்கவேண்டும். அதே மணத்தை முகர்ந்துவிட்டு ஒருவர் நரி என்றார். இன்னொருவர் வாசனை என்றார்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் பெங்களூர் ப்ளூவுக்குக் கொடி பிடிக்கிறேன் என்று எண்ணவேண்டாம். சர்க்கரை சேர்க்காமல், முறைப்படி இனிப்பில்லாத உலர் ஒயினாகச் செய்த ஒன்றைத் தெரிந்தவர் வீட்டில் ஒரு முறை குடித்திருக்கிறேன். உடம்பில்லாமல், புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு, நன்றாகவே இல்லை. அந்தப் பழம் இனிப்போடு சேர்ந்தால்தான் வாயைத் திறக்கும். நந்தி மலையடிவாரத்து ஷிராஸ் அதைவிடப் பன்மடங்கு மேலான ஒயின். அதை இன்றைக்கும் விரும்பிக் குடிக்கிறேன். அந்தப் பாருக்கும் இன்னும் போகிறேன். சென்ற முறை அதே இளைஞர் சவிஞான் பிளாங் ஊற்றியபோது, கொய்யா வாசனை வருகிறது என்றேன். அவர் தயங்கி, தனக்கும் எப்போதும் அதுதான் வரும் என்றும், தாளில் இல்லாததால் சொல்வதில்லை என்றும் சொன்னார். அவருக்கு ஊர் இம்பால்.

இந்தப் பிப்ரவரியில், தோட்டக்காரர்களின் கூட்டுறவான ஹாப்காம்ஸ் கடையில் திராட்சை மேளா போட்டிருந்தார்கள். மூன்று கிலோ பெங்களூர் ப்ளூ வாங்கிக்கொண்டு நேராகக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்பதற்கு எழுதிவைத்ததுபோல் ஏதோ தொடங்கினேன். ஆன்ட்டி பையை வாங்கிக் கொத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘காம்பு ஈரமா இருக்கே, இதைக் காயவைக்காம போட்டா பூஞ்சை பிடிக்கும்’ என்றார். ஈஸ்டருக்கு ஆகிவிடுமா என்று கேட்டேன். நாள் எண்ணிப் பார்த்து, ஆகும் என்றார். பழத்தை உதிர்த்துத் துடைத்து, கையாலேயே நசுக்கி, சர்க்கரை, ஒரு கைப்பிடிக் கோதுமை, கொதித்து ஆறிய நீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட், நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை. பழத்தின் நிறமே போதும், மற்றவர்கள்போலச் சர்க்கரையைக் கருக்கி ஊற்றவேண்டியதில்லை என்றார். அவருடைய பீங்கான் ஜாடி ஒன்றைக் கொடுத்து, வாயை மல்துணியால் கட்டி, இருபத்தொரு நாள் மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்டவேண்டும் என்று சொல்லியனுப்பினார். ஏன் ஒரே பக்கமாக என்று நான் கேட்கவில்லை.

இன்று பதினோராம் நாள். சமையலறை முழுவதும் அந்த மணம்தான். என் மனைவி ஊதுபத்தியை இரண்டாக்கியிருக்கிறாள். காலையில் கிண்டியபோது தோல்கள் மேலெழுந்து நுரைத்து, துணிக்கடியில் சின்னச் சின்ன வெடிப்புகள் கேட்டன. எட்டு மணிக்குக் கீழிருந்து குரல் வந்தது. ‘தம்பி, கிண்டியாச்சா? வாசனை வருதே.’

ஆச்சு ஆன்ட்டி என்றேன்.